அவரேதான், ஆனால் அவர் இல்லை

கலிஃபோர்னியாவில் சாந்தா மிரா என்று ஒரு சின்ன ஊர். வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. சினிமாவுக்காக வைத்த பெயர். அந்த ஊர் டாக்டர் மைல்ஸ் பென்னலிடம் வில்மா என்ற பெண் ஒரு வினோதமான குறையைச் சொல்கிறாள். வீட்டுப் புல்வெளியில் புல் வெட்டிக்கொண்டிருக்கும் ஐரா மாமா, தன் மாமாவே இல்லை என்கிறாள். முகம் அதே முகம். குரல் அதே குரல். பழைய சங்கதிகள் எதைக் கேட்டாலும் சரியாகச் சொல்கிறார். பிறகு என்னதான் குறை? அவளோடு பேசும்போது அவர் கண்ணில் எப்போதும் ஒரு தனிப் பார்வை இருக்குமாம். அது இப்போது இல்லையாம். டாக்டர் போய் மாமாவிடம் நாலு வார்த்தை பேசிப் பார்க்கிறார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நல்ல பகல் வெளிச்சம். ரத்தம் இல்லை, பேய் இல்லை, பறக்கும் தட்டு இல்லை. ஒருவர் புல் வெட்டுகிறார், ஒருத்தி தவிக்கிறாள்.

டான் சீகல் இயக்கி 1956-ல் வெளிவந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' படத்தில் வரும் காட்சி இது. 80 நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். இந்தக் காட்சியை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். வருஷக்கணக்காக வகுப்பில் போட்டுக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் அதை ஒழுங்காகப் பார்க்க எனக்கு எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவன் நான். ஷேக்ஸ்பியரும் மில்டனும் போக, எம்.ஏ. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் திரைப்பட ஆய்வு என்று ஒரு விருப்பப் பாடம் எடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. துறைத்தலைவர் அறையில் ஒரு டி.வி., வாடகைக்கு எடுத்த டெக், யார் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வீடியோ கேசட்டுகள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் பார்ப்போம். அறிவியல் புனைவுப் படங்களைத்தான் பாடமாக வைத்துக்கொண்டேன். காரணம் உண்டு. அப்பா–மகன் சண்டை என்று ஒரு குடும்பப் படம் வந்தால் அதன் பொருள் மேலேயே கிடக்கும். வேற்றுக்கிரகத்திலிருந்து விதைக்காய் வந்து விழுகிறது என்றால், விதைக்காய்க்கு என்ன பொருள் என்று யோசித்தே ஆக வேண்டும். யோசிக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வகைப் படம் கிடையாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். விண்வெளியிலிருந்து வந்த விதைகள் வயலில் முளைத்துப் பெரிய பெரிய காய்களாகின்றன. ஒரு காயைக் கொண்டுபோய் ஒருவர் வீட்டில் வைத்துவிட்டால், அவர் தூங்கும் நேரத்தில் காய்க்குள்ளிருந்து அவரைப் போலவே ஓர் உடல் உருவாகிறது. ரேகை, நினைவு, பேச்சு எல்லாம் வந்துவிடும். அன்பு, ஆசை, கவலை, நம்பிக்கை மட்டும் வராது. ஊரே ஒவ்வொருவராகத் தூங்கி, ஒவ்வொருவராக மாறிவிடுகிறது. மைல்ஸும் அவன் காதலி பெக்கியும் மட்டும் தூங்காமல் ஓடுகிறார்கள். ஒரு சுரங்கத்தில் ஒளிந்திருக்கும்போது பெக்கி கொஞ்சம் கண்ணயர்ந்துவிடுகிறாள். மைல்ஸ் அவளை முத்தமிடுகிறான். முத்தமிட்ட அந்தக் கணத்தில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் கண்கள் அருகில் வந்து நம்மைப் பார்க்கின்றன. இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி அது.

இந்தப் படத்துக்கு என்ன பொருள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. விதைமனிதர்கள் கம்யூனிஸ்டுகள், பக்கத்து வீட்டுக்காரன் ரகசியமாக மாறிவிட்டான் என்ற பனிப்போர்க் காலத்து அமெரிக்க பயம்தான் படம் என்றது ஒரு கட்சி. இல்லை, படம் எதிர்ப்பது மெக்கார்த்தியைத்தான்; எல்லாரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும், வேறு மாதிரி நினைப்பவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற கெடுபிடியைத்தான் படம் காட்டுகிறது என்றது எதிர்க்கட்சி. 1947-லேயே நாடாளுமன்ற விசாரணைக் குழு ஹாலிவுட்காரர்களைக் கூண்டில் ஏற்றிவிட்டது. செனட்டர் மெக்கார்த்தியை அவருடைய சபையே கண்டித்தது 1954 டிசம்பரில். படம் எடுக்கப்பட்டது அதற்கு அடுத்த வருஷம். ஆக இரண்டு கட்சிக்கும் காலப்பொருத்தம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் காட்டும் சாட்சி ஒன்றுதான். ஊர்ச் சதுக்கத்தில் லாரியிலிருந்து காய்களை இறக்கி, வரிசையாக வாங்கிப் போகும் மக்கள். கட்சி மாநாடு என்றாலும் பொருந்துகிறது. ஒரே பொருளை வாங்க நிற்கும் நுகர்வோர் கூட்டம் என்றாலும் பொருந்துகிறது.

எடுத்தவர்களையே கேட்டுவிடலாமே என்று மாணவர்கள் சொல்வார்கள். கேட்டிருக்கிறார்கள். மூலக்கதையை 1954-ல் 'காலியர்ஸ்' பத்திரிகையில் தொடராக எழுதிய ஜாக் ஃபின்னி, அதில் அரசியல் செய்தி எதுவும் இல்லை, வெறும் கதைதான் என்று கடைசிவரை சாதித்தார். இயக்குநர் சீகலோ, தன்னைச் சுற்றிச் சினிமாத் தொழிலிலேயே இப்படி உணர்ச்சி செத்த விதைமனிதர்கள் நிறையப் பேர் என்பார். மைல்ஸாக நடித்த கெவின் மெக்கார்த்தி, விளம்பரக் கம்பெனிக்காரர்களை மனதில் வைத்துப் பேசினார். படைத்தவன் என்ன நினைத்தான் என்பது படைப்பின் பொருளை அளக்கும் கோல் ஆகாது என்று விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-ல் எழுதியது இலக்கிய வகுப்பில் எல்லாருக்கும் மனப்பாடம். இந்தப் படத்தில்தான் அதன் அர்த்தம் பிள்ளைகளுக்குப் பிடிபடும். தாயும் தகப்பனும் வைத்த பெயர் ஒன்று; பிள்ளை வளர்ந்து ஊரில் எடுத்த பெயர் வேறு.

நான் வகுப்பில் தூக்கிப் பிடித்தவர்கள் மூன்று பேர். முதலாவது சூசன் சான்டாக். 1965-ல் அவர் எழுதிய 'பேரழிவின் கற்பனை' என்ற கட்டுரைதான் இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி என்று சொல்லலாம். அறிவியல் புனைவுப் படங்கள் அறிவியலைப் பற்றியவை அல்ல, அழிவைப் பற்றியவை என்று அவர் போட்ட போடு இன்றுவரை நிற்கிறது. நகரங்கள் இடிந்து விழுவதைப் பார்ப்பதில் நமக்கு இருக்கும் ஆசையையும், நிஜமான அணுகுண்டு பயத்துக்கு இந்தப் படங்கள் தரும் ஆறுதல் எவ்வளவு போதாதது என்பதையும் சேர்த்தே சொன்னார். முன்பெல்லாம் மனிதன் தனக்குள்ளிருக்கும் மிருகத்துக்கு பயந்தான். இப்போது தான் ஓர் இயந்திரமாகிவிடுவோமோ என்று பயப்படுகிறான் என்று அவர் காட்டிய வித்தியாசம், பாடி ஸ்னாட்சர்ஸ் படத்துக்குச் சாவி போலப் பொருந்தும்.

இரண்டாமவர் டார்கோ சுவின். ஸாக்ரெபில் பிறந்து, கனடாவில் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். பழகிய உலகத்தை அந்நியமாக்கிக் காட்டி, அதன் வழியாக நம்மைச் சிந்திக்க வைப்பதுதான் அறிவியல் புனைவு என்று 1970-களில் இலக்கணம் வகுத்தார். பிரெக்ட்டின் நாடகக் கொள்கையிலிருந்து எடுத்துக்கொண்ட அந்நியப்படுத்தல் அது. 'நோவம்' என்று ஒரு சொல்லையும் தந்தார்: நம் உலகத்தில் இல்லாத, ஆனால் கதையுலகத்தையே புரட்டிப் போடுகிற அந்த ஒரு புதுப்பொருள். வகுப்பில் நான் இப்படிக் கேட்பேன்: அந்தப் புதுப்பொருளை உருவி எடுத்துவிட்டால் கதை நிற்குமா? ஒரு பையன் எழுந்து, 1963-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'கலை அரசி'யைச் சொன்னான். வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து, பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள், எதற்கு? தங்களிடம் இல்லாத இசையையும் நடனத்தையும் கற்றுக்கொள்ள. விஞ்ஞானம் முற்றிய ஓர் உலகத்துக்குக் கலை பஞ்சமாகிவிட்டது என்ற அந்த யோசனையில் சுவின் சொன்ன சங்கதி இருக்கிறதா இல்லையா என்று ஒரு மணி நேரம் விவாதித்தோம். நல்ல மாலைப்பொழுது அது.

மூன்றாமவர் விவியன் சாப்சாக். அவருடைய 'ஸ்க்ரீனிங் ஸ்பேஸ்' 1987-ல் வந்தது. கதைச்சுருக்கத்தை வைத்துக்கொண்டு பொருள் சொல்லாதீர்கள், திரையைப் பாருங்கள், காதைக் கொடுத்துக் கேளுங்கள் என்பது அவர் நூலின் சாரம். ராக்கெட் செட் போடப் பணமில்லாத ஐம்பதுகளின் சின்னப் படங்கள், நம் தெருவையும் நம் கடையையும் நம் பக்கத்து வீட்டுக்காரரையுமே அந்நியமாக்கிவிட்டன என்பதை அவர் காட்டும் விதம் அபாரம். அந்தப் படங்களில் பயங்கரம் எதையும் செய்வதால் வருவதில்லை. செய்ய வேண்டிய ஒரு சின்னச் சலனம் முகத்தில் நிகழாமல் போவதால் வருகிறது.

இன்னொன்றையும் விடாமல் சொல்லிக்கொடுத்தேன்: எந்தப் பிரதியைப் படிக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். சீகல் தன் படத்தை நெடுஞ்சாலையில் முடித்திருந்தார். போகும் வண்டிகளை மறித்து மைல்ஸ் கத்துகிறான், எவனும் நிற்கவில்லை, முடிந்தது. தயாரித்த அலைட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் பயந்துபோய், முன்னும் பின்னும் ஆஸ்பத்திரிக் காட்சிகளை ஒட்டவைத்தது. அதில் டாக்டர்கள் நம்புகிறார்கள், எஃப்.பி.ஐ.க்கு போன் போகிறது. அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற ஆறுதலைப் பின்னால் ஒட்டிவிட்டு, இது அரசாங்கத்தை நம்பும் படம் என்று பொருள் சொன்னால் யாருடைய பொருள் அது?

ஜப்பானின் 'கோட்ஜிரா' இதைவிடக் கொடுமை. 1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த 15 மெகாடன் ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், 'லக்கி டிராகன்' என்ற மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மீதும் விழுந்தது. அதில் வயர்லெஸ் பார்த்த குபோயாமா செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பர் 3-ஆம் தேதி படம் வெளியானது. இஷிரோ ஹோண்டா எடுத்த படத்தில், ரயிலில் போகும் ஒரு பெண் நாகசாகியிலிருந்து தப்பி வந்ததைச் சொல்லி அலுத்துக்கொள்வாள். தீ சூழ்ந்த தெருவில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, அப்பாவிடம் போய்விடலாம் என்று தேற்றுவாள். 1956-ல் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் ரயில் பேச்சை வெட்டிவிட்டு, ரேமண்ட் பர் என்ற அமெரிக்க நடிகரை நிருபராகச் சேர்த்தார்கள். அசல் படம் அங்கே தியேட்டர்களில் பரவலாக ஓடியது 2004-ல்தான். ஐம்பது வருஷமாக அவர்கள் பார்த்தது ஒரு ரப்பர் பிராணியை. ஜப்பானியர் பார்த்தது அவர்கள் வீட்டுச் சாவை.

இவ்வளவையும் உருகி உருகிச் சொல்லிக்கொடுத்தவன்தான், 1991-ல் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பாடி ஸ்னாட்சர்ஸ் படத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் நாலு பக்கம்தான் எழுதியிருந்தாள். கடைசி வரிசையில் உட்காருகிற, அதிகம் பேசாத பெண். பனிப்போர் இல்லை, மெக்கார்த்தி இல்லை, சான்டாக் இல்லை. வில்மாவும் ஐரா மாமாவும் மட்டும். அவளுடைய அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்பு பக்கவாதம் வந்ததாம். பிழைத்து எழுந்துவிட்டார். நடக்கிறார், சாப்பிடுகிறார், கடைக்குப் போய்க் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் கடவுள் புண்ணியத்தில் பழையபடி ஆகிவிட்டார் என்கிறார்கள். ஆனால் அவள் கல்லூரி விட்டு வீட்டுக்குள் நுழையும்போது நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை திரும்பவில்லை. இதை அம்மாவிடம்கூடச் சொல்ல முடியவில்லை. வில்மா பயப்படவில்லை, துக்கத்தில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாள். யாரும் சாகாததால் அவளை அழவிடவும் யாரும் தயாராக இல்லை என்று எழுதியிருந்தாள். பிறகு வரும் காட்சியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று வில்மா சிரித்த முகமாக டாக்டரிடம் சொல்கிறாளே, அந்த இடம்தான் படத்திலேயே தாங்க முடியாதது, ஏனென்றால் துக்கப்படுவதற்கும் ஆள் இல்லாமல் போய்விட்டது என்று முடித்திருந்தாள்.

நான் சிவப்பு மையில் எழுதினேன்: 'இது விமர்சனம் அல்ல, நாட்குறிப்பு.' இருபதுக்கு ஏழு போட்டேன்.

மறுநாள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், படத்துல இருக்கிறதத்தானே எழுதியிருக்கேன்?"

"படத்துல 1956 இருக்கும்மா. உங்க அப்பா இல்ல."

அவள் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பதிலில் எனக்கு அன்று பெருமை. ஆசிரியர் அறையில் இரண்டு பேரிடம் திரும்பச் சொன்னேன்.

இன்று யோசித்தால், அவள் எழுதியதில் சாப்சாக் கேட்பது எல்லாமே இருந்தது. திரையைப் பார்த்திருந்தாள். எது நிகழ்கிறது என்பதைவிட எது நிகழவில்லை என்பதைப் பார்த்திருந்தாள். சுவின் கேட்டதும் இருந்தது: வீட்டுக்குள் பழகிப்போன ஒரு துயரத்தை அந்நியமாக்கிக் காட்டி அவளைச் சிந்திக்க வைத்திருந்தது படம். மேற்கோள் மட்டும்தான் இல்லை. சான்டாக்கின் 'பேரழிவின் கற்பனை' எந்தத் தொகுப்பில் இருக்கிறது தெரியுமா? 'விளக்கத்துக்கு எதிராக' என்று 1966-ல் வந்த புத்தகத்தில். பொருள் தேடும் வெறியில் கண்ணெதிரே இருக்கும் கலையை உணராமல் போகிறோம் என்று அதன் முதல் கட்டுரையிலேயே வாதிடுகிறார். ஒரே அட்டைக்குள் இருந்த இரண்டு கட்டுரைகளில் ஒன்றை மட்டும் இத்தனை வருஷம் பாடம் நடத்தினேன்.

நாங்கள் கல்யாணம் செய்துகொண்டு நாற்பத்து நாலு வருஷம். என் மனைவி தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். ஒரு முறை பார்த்த கையெழுத்தை மறக்க மாட்டாள். ஓய்வுபெற்ற சில வருஷத்தில் சாவி வைத்த இடம் மறந்தது, பிறகு அடுப்பு, பிறகு பேத்தியின் பெயர். டாக்டர்கள் சொன்னதை எல்லாம் செய்தோம். இதற்கெல்லாம் நான் ஓரளவு தயாராகத்தான் இருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் நடந்ததற்குத் தயாராக இல்லை.

காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, வீட்டுக்கு வந்த அந்நிய மனிதரிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டாள்.

"அவரு எப்ப வருவாருங்க?"

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"நான்தானே இருக்கேன்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. "முகமெல்லாம் அவரேதான். குரலும் அப்படியேதான் இருக்கு. ஆனா நீங்க அவரு இல்ல."

டம்ளரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாந்தா மிராவின் புல்வெளி எங்கள் ஹாலுக்குள் வந்துவிட்டது.

நரம்பியல் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஜோசப் கேப்கிரா என்ற பிரெஞ்சு மருத்துவர், ரெபூல்-லஷோ என்பவரோடு சேர்ந்து 1923-லேயே பதிவு செய்திருக்கிறார். தன் குடும்பத்தாரை எல்லாம் யாரோ எடுத்துவிட்டு அச்சு அசலான போலிகளை வைத்துவிட்டார்கள் என்று நம்பிய ஒரு பெண்மணியைப் பற்றி. ஃபின்னி கதை எழுதுவதற்கு முப்பது வருஷம் முன்பு. ஞாபகமறதி நோய் உள்ள சிலருக்கும் இது வருவதுண்டாம். நம் தமிழ்நாட்டில் பிறந்து கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரனின் விளக்கத்தைத் தேடிப் படித்தேன். மூளையில் முகத்தை அடையாளம் காணும் பகுதி நன்றாகவே வேலை செய்கிறது. அங்கிருந்து உணர்ச்சிக்குப் போகும் பாதைதான் அறுந்துவிடுகிறது. கணவனின் முகம் தெரிகிறது, ஆனால் கணவனைப் பார்த்தால் நெஞ்சில் வர வேண்டிய அந்தச் சூடு வரவில்லை. மூளை என்ன செய்யும்? முகம் சரி, சூடு இல்லை. அப்படியானால் இவர் அவர் இல்லை. கிறுக்குத்தனம் இல்லை அது. கிடைத்த சாட்சியை வைத்து நேர்மையாக எடுத்த முடிவு.

அன்று ராத்திரி அவள் தூங்கியபின், பையன் விட்டுப்போன மடிக்கணினியில் படத்தைப் போட்டேன். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷமும் நான் வில்மா பக்கமோ டாக்டர் பக்கமோ நின்றுதான் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். அன்று முதல் தடவையாகப் புல் வெட்டுகிறவர் பக்கம் நின்றேன். இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகிற அந்த மனிதரை. கதைப்படி அவர் விதையிலிருந்து வந்தவர்தான், தெரியும். ஆனால் ஒரு வேளை அவர் உண்மையிலேயே மாமாவாக இருந்து, பெற்ற பெண்ணைப் போல வளர்த்தவள் தன்னைப் பார்த்து நீ இல்லை என்று சொன்னால், எதைக் காட்டி நிரூபிப்பார்? ரேகையையா, நினைவையா? அதெல்லாம் போலியிடமும் இருக்கிறதே. அவள் கேட்பது அந்தப் பார்வையை. அது இருக்கிறது என்று சாட்சி சொல்ல அவளால் மட்டும்தான் முடியும்.

இன்னொன்றும் அன்று கண்ணில் பட்டது. படத்தில் டேன் காஃப்மன் என்று ஒரு மனநல மருத்துவர் வருகிறார். ஊரில் பரவும் இந்த நம்பிக்கைக்கு அமைதியாக, தெளிவாக, பதற்றமே இல்லாமல் காரணம் சொல்கிறார்: உலக நிலவரத்தைப் பற்றிய கவலை, ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தொற்றிக்கொள்ளும் பிரமை. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது. பின்னால் பார்த்தால் அவரே மாறிப்போனவர்களில் ஒருவர். நிபுணத்துவத்தைப் பற்றிய விமர்சனம் என்று இந்தக் காட்சியை வகுப்பில் விரிவாக விளக்குவேன். ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னபோது முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் 1956 என்று பதில் சொன்ன மனிதன், அந்தக் காட்சியில்தான் உட்கார்ந்திருந்தான்.

பழைய மாணவர்கள் சிலரிடம் அவளைப் பற்றி விசாரித்தேன். சிங்கப்பூர் என்றார் ஒருவர். இல்லை, திண்டுக்கல் பக்கம் ஆசிரியை என்றார் இன்னொருவர். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதும் ஆராய்ச்சி மாணவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பாடி ஸ்னாட்சர்ஸ் கதையை 1978-ல் ஃபிலிப் காஃப்மன் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார், 1993-ல் ஏபல் ஃபெராரா ராணுவ முகாமுக்கு, 2007-ல் அது ஒரு கிருமியாகி வாஷிங்டனுக்குப் போனது என்று ஒப்பிட்டு ஆய்வு செய்கிறார்கள். நல்ல வேலை. கோட்பாட்டைத் தூக்கிப் போடு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சான்டாக்கும் சுவினும் இல்லாமல் எனக்கு இந்தப் படங்களில் பாதி புரிந்திருக்காது. கோட்ஜிராவின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பார்ப்பது அந்த மீனவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அவர்கள் எழுதிக் கொண்டுவந்ததை ஓரமாக வைத்துவிட்டு, படத்தில் எந்த இடத்தில் உனக்கு வயிறு கலங்கியது என்று முதலில் கேட்பேன். பலர் திகைக்கிறார்கள். சிலர் கொஞ்சம் யோசித்து, தயங்கி, தங்கள் பாட்டியைப் பற்றியோ வேலைக்குப் போன ஊரைப் பற்றியோ சொல்ல ஆரம்பிக்கிறார்கள். குறுக்கே பேசாமல் கேட்கிறேன். அது முடிந்த பிறகுதான் சான்டாக்கை எடுப்போம். அந்த வயிற்றுக் கலக்கத்தைப் படத்தின் எந்தச் சட்டகம், எந்த முகம், எந்த மௌனம் உண்டாக்கியது என்று தேடிப் போகும்போது ஆய்வு தானாகவே வருகிறது.

ராமச்சந்திரனின் நூலில் வரும் நோயாளிக்கு ஒரு விசேஷம் உண்டு. நேரில் பார்த்தால் அப்பா அம்மாவைப் போலிகள் என்பவர், தொலைபேசியில் குரலைக் கேட்டால் உடனே அடையாளம் கண்டுகொள்வாராம். காதிலிருந்து உணர்ச்சிக்குப் போகும் பாதை வேறு, அது அறுபடவில்லை. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது என்றார் எங்கள் டாக்டர். நேரில் பேசும்போது முகமும் சேர்ந்தே வந்துவிடுகிறதே, போனில் முயன்று பார்ப்போம் என்று, ஒரு நாள் மாலை மொட்டை மாடிக்குப் போய், ஹாலில் இருக்கும் லேண்ட்லைனுக்குச் செல்போனிலிருந்து அடித்தேன். பத்துப் பன்னிரண்டு தடவை மணி அடித்தது.

"ஹலோ, யாருங்க?"

"நான்தான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "எங்க இருக்கீங்க? இவ்வளவு நாளா ஒரு போன்கூடப் பண்ணல? சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். மேலே பேச்சு வரவில்லை.

"இங்க ஒருத்தர் வந்து இருக்காரு. பாவம், நல்ல மனுஷன். காபி எல்லாம் போட்டுத் தர்றாரு. நீங்க வர்ற வரைக்கும் கூட இருக்கேன்னு சொல்றாரு."

"இருக்கட்டும். நான் சீக்கிரம் வந்துடறேன்."

"மழை வருதாமே, குடை கொண்டுபோனீங்களா?"

தினமும் ஆறு மணிக்கு மாடிக்குப் போகிறேன் இப்போது. சில நாள் அவளுக்குக் குரலும் புரிவதில்லை. புரிகிற நாளில் பத்து நிமிஷம் பேசுவோம். பேசிவிட்டுக் கீழே இறங்கி வந்தால் அவள் என்னைப் பார்த்து, "அவரு போன் பண்ணாரு" என்பாள். நான் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, என்ன சொன்னார் என்று கேட்பேன். நான் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் எனக்குச் சொல்லுவாள். அவள் சொல்லச் சொல்ல, அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.